லினக்ஸ் கெர்னலில் தாமதம்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

மில்லி விநாடிக்கு ஒருமுறை எழ வேண்டிய த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை), லட்சக்கணக்கான முறை சரியாக எழுந்துவிட்டு ஒரே ஒருமுறை 8 மில்லி விநாடி பிந்துகிறது. ஒலியில் சொடுக்கென்று ஒரு வெட்டு விழுகிறது, அல்லது மோட்டார் ஒருமுறை உதறுகிறது. இதைக் கண்டதும் ரியல்டைம் கெர்னலை (சுருக்கமாக ஆர்டி; தாமதத்தைக் கட்டுக்குள் வைக்க அமைத்த கெர்னல்) ஏற்றிப் பார்ப்பதுதான் பலர் செய்வது. சிலருக்கு அதிலேயே சரியாகிவிடும். பலருக்கு அதே 8 மில்லி விநாடி அசையாமல் உட்கார்ந்திருக்கும். ப்ரீஎம்ப்ஷன், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வேலையைப் பாதியில் இறக்கிவிட்டு அவசர வேலையை ஏற்றுவது, தாமதத்தின் ஒரு துண்டுக்கு மட்டுமே மருந்து.

மொத்தம் ஐந்து துண்டுகள். டைமர் அடித்தபோது ப்ராசஸர் தூக்கத்திலோ ஃபர்ம்வேரின் (பயாஸ் போல போர்டிலேயே பதிந்த மென்பொருள்) பிடியிலோ இருந்திருக்கலாம். விழித்திருந்தும் கெர்னல் இன்டரப்டை, அதாவது வன்பொருள் ப்ராசஸரைக் கூப்பிடும் சைகையை, மூடி வைத்திருக்கலாம். இன்டரப்ட் வந்து த்ரெட்டை எழுப்பியும், ப்ரீஎம்ப்ஷன் மூடியிருந்ததால் ஏற முடியாமல் நின்றிருக்கலாம். அடுத்து எந்த வேலை ஓடும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் வேறொருவரைத் தேர்ந்திருக்கலாம். ஏறியபின் நிரலே ஏதாவது பூட்டிலோ பேஜ் ஃபால்ட்டிலோ (தொட்ட நினைவகப் பக்கம் தயாராக இல்லாமல் கெர்னல் தேடித் தர வேண்டிய நிலை) சிக்கியிருக்கலாம். ப்ரீஎம்ப்ஷன் மாதிரியை, அதாவது வேலையை எங்கெங்கே இறக்கலாம் என்ற கெர்னல் அமைப்பை, மாற்றினால் சுருங்குவது மூன்றாவது துண்டு. ரியல்டைம் கெர்னல் இரண்டாவதிலும் பெரும்பகுதியைக் குறைக்கும். முதலாவதையும் ஐந்தாவதையும் எந்தக் கெர்னலும் தானாகச் சரிசெய்து தராது.

(கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் கீழே ஒலிப்படி எழுதப்பட்டுள்ளன. டெர்மினலில் ஆங்கில எழுத்திலேயே அடிக்க வேண்டும்.)

தொடங்கும் முன்: எந்தக் கெர்னல், எவ்வளவு தாமதம்

யூநேம் கட்டளையை வி தெரிவோடு ஓட்டுங்கள். விடையில் "ப்ரீஎம்ப்ட் ஆர்டி" என்று இருந்தால் ரியல்டைம் கெர்னல். /சிஸ்/கெர்னல்/ரியல்டைம் கோப்பு இருந்தால் அதிலும் 1 இருக்கும். "ப்ரீஎம்ப்ட் டைனமிக்" என்று வந்தால் அது மட்டும் போதாது. உண்மையில் எந்த மாதிரி நடப்பில் இருக்கிறது என்பதை டீபக்எஃப்எஸ்ஸின் (கெர்னல் தன் உள்நிலையைக் காட்டும் கோப்பகம்) ஷெட்/ப்ரீஎம்ப்ட் கோப்பு சொல்லும். நடப்பில் உள்ள பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கும். 2021இல் வந்த 5.12 முதல், மறுபடி கம்பைல் செய்யாமல் பூட் வரியில் "ப்ரீஎம்ப்ட்=ஃபுல்" என்று கொடுத்தே மாற்றிக்கொள்ளலாம்.

"நன்" மாதிரியில், சிஸ்டம் காலுக்குள் (நிரல் கெர்னலிடம் உதவி கேட்கும் அழைப்பு) போன வேலை தானாக வெளியே வரும்வரை, தானே உறங்கும்வரை அல்லது நீண்ட சுற்றுகளில் வைத்திருக்கும் நிறுத்தத்தைத் தொடும்வரை இறங்காது. "வாலன்டரி"யில், கெர்னலுக்குள் இன்னும் பல இடங்களில் வைத்திருக்கும் நிறுத்தங்களிலும் இறங்கும். "ஃபுல்"லில், ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை உறங்காமல் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) பிடித்திருக்கும் நேரமும் இன்டரப்டையோ ப்ரீஎம்ப்ஷனையோ வெளிப்படையாக மூடிய நேரமும் தவிர எங்கும் இறக்கிவிடலாம். 6.13இல் சேர்ந்த "லேசி", ரியல்டைம் த்ரெட்டுகளுக்கு ஃபுல் போலவே நடக்கும். சாதாரண வேலைகளுக்குள் மட்டும் அடுத்த டிக் (கெர்னலின் சீரான டைமர் துடிப்பு) வரை பொறுத்துப் பார்க்கும். ஆர்டி கெர்னலில் பெரும்பாலான ஸ்பின்லாக்குகளே உறங்கக்கூடிய பூட்டுகளாகிவிடும். இன்டரப்ட் வேலைகளும் த்ரெட்டுகளாக ஓடும். நெடுங்காலம் தனி பேட்சாக இருந்த இது, 2024 நவம்பரில் வெளிவந்த 6.12 முதல் பிரதானக் கெர்னலிலேயே கிடைக்கிறது.

அளக்க சைக்ளிக்டெஸ்ட், த்ரெட் எவ்வளவு பிந்தி எழுகிறது என்று காட்டும் கருவி. நினைவகத்தைப் பூட்டும் எம் தெரிவு, ஒவ்வொரு ப்ராசஸருக்கும் ஒரு த்ரெட் தரும் பெரிய எஸ் தெரிவு, முன்னுரிமை 90, இடைவெளி 1000 மைக்ரோ விநாடி. இப்படி ஒரு மணி நேரம் ஓடினால் ஒவ்வொரு ப்ராசஸருக்கும் 36 லட்சம் மாதிரிகள் சேரும். பக்கத்திலேயே ஹேக்பெஞ்ச் (ஷெட்யூலருக்குச் சுமை தரும் கருவி), வட்டில் கனமான எழுத்து, நெட்வொர்க் வெள்ளம் எல்லாம் ஓடட்டும். சுமையில்லாத இயந்திரத்தில் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. சராசரியைப் பார்க்கவே வேண்டாம், அதிகபட்சம் மட்டும் போதும். சுமையின் கீழ் ஆர்டி கெர்னலில் 100 மைக்ரோ விநாடிக்குள் நின்றால் சாதாரண கணினிக்கு அது நல்ல எண். ஃபுல் மாதிரியில் சில நூறு மைக்ரோ விநாடியும் அவ்வப்போது மில்லி விநாடியும் வருவது இயல்பு.

அறிகுறி: சைக்ளிக்டெஸ்ட் எண் அருமை, சொந்த நிரல் மட்டும் தடுமாறுகிறது

அடிக்கடி வரும் புகார் இது. சைக்ளிக்டெஸ்ட் அமைதியாக ஒரு காரியம் செய்வதுதான் முதல் காரணம்: ஓடும் நேரம் முழுதும் /டெவ்/சிபியு டிஎம்ஏ லேட்டன்சி கோப்பைத் திறந்து அதில் 0 எழுதி வைத்திருக்கும். அதனால் ப்ராசஸர் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகாது. உங்கள் நிரல் தனியாக ஓடும்போது இந்தக் காவல் இல்லை. புதிய பதிப்புகளில் உள்ள "டிஃபால்ட்-சிஸ்டம்" தெரிவோடு மறுபடி அளந்து பாருங்கள். எண் எகிறினால் காரணம் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு உறக்க நிலையிலிருந்தும் எழ எத்தனை மைக்ரோ விநாடி ஆகும் என்பது /சிஸ் கோப்பகத்தில் அந்தந்த ப்ராசஸரின் சிபியுஐடில் பகுதியில், ஒவ்வொரு நிலைக்கும் உரிய லேட்டன்சி கோப்பில் எழுதியிருக்கும். ஆழமான நிலைகளில் அது நூறைத் தாண்டுவது சாதாரணம்.

தீர்வு, நிரலே அந்தக் கோப்பைத் திறந்து 32 பிட் சுழியம் ஒன்றை எழுதி, ஓடும்வரை மூடாமல் வைத்திருப்பது. எக்கோ கட்டளையால் 0 எழுதிப் பயனில்லை, எக்கோ முடிந்ததும் கோப்பு மூடிக்கொள்ளும், கோரிக்கையும் அதோடு போய்விடும். அதிர்வெண் கவர்னரையும் "பெர்ஃபார்மன்ஸ்" என்று வையுங்கள்.

இரண்டாவது, பேஜ் ஃபால்ட். தொடக்கத்திலேயே எம்லாக்ஆல் அழைப்பை, இப்போதுள்ள பக்கங்களும் இனி வரும் பக்கங்களும் என்ற இரண்டு கொடிகளோடும் கொடுங்கள். பிறகு வேண்டிய நினைவகம் முழுவதையும் ஒருமுறை தொட்டு விடுங்கள். சோதிக்க, வேலைச் சுழற்சி தொடங்குமுன்னும் ஓடி முடித்தபின்னும் கெட்ஆர்யூசேஜ் தரும் மைனர் ஃபால்ட் எண்ணை ஒப்பிடுங்கள். அது ஒன்றுகூட ஏறக்கூடாது. இதில் ஒரு பொறி உண்டு: த்ரெட் ஒன்றுக்கு வழக்கமான ஸ்டேக் 8 எம்பி. எம்லாக்ஆல் அதை முழுதாகப் பூட்டும். 50 த்ரெட் என்றால் 400 எம்பி. ஸ்டேக் அளவைக் குறைத்துக் கொடுத்துத்தான் த்ரெட்டை உருவாக்க வேண்டும்.

மூன்றாவது அற்பமானது, ஆனாலும் நாள் கணக்கில் அலைக்கழிக்கும். நிரல் ரியல்டைம் கொள்கையில் ஓடவே இல்லை. முன்னுரிமை அமைக்கும் அழைப்பு அனுமதி இல்லாமல் தோற்றிருக்கும், அதன் விடையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சிஎச்ஆர்டி கட்டளையைப் பி தெரிவோடும் த்ரெட் எண்ணோடும் கொடுத்து உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 50 மைக்ரோ விநாடி பிந்தினால் இதுதான் என்று பெரும்பாலும் அடித்துச் சொல்லலாம், சாதாரண த்ரெட்டுகளுக்கான இயல்பான டைமர் ஸ்லாக் (டைமரைக் கெர்னல் பிந்தவிட அனுமதிக்கும் அளவு) அதே 50 மைக்ரோ விநாடி. ரியல்டைம் த்ரெட்டுகளுக்கு அது கிடையாது.

அறிகுறி: எந்தக் கெர்னல் போட்டாலும் அதே அதிகபட்சம்

நன், ஃபுல், ஆர்டி மூன்றிலும் 300 மைக்ரோ விநாடி அப்படியே நிற்கிறதா? கெர்னலைத் திட்டுவதை நிறுத்திவிட்டு ஃபர்ம்வேரைப் பாருங்கள். எக்ஸ்86 கணினிகளில் எஸ்எம்ஐ என்ற மேலாண்மை இன்டரப்ட் வந்தால், கெர்னலுக்குத் தெரியாமலேயே ப்ராசஸர் பயாஸ் குறிமுறைக்குள் போய்விடும். கெர்னலால் அதைத் தடுக்க முடியாது, நேரடியாகப் பார்க்கவும் முடியாது. ஹெச்டபிள்யூலாட்டிடெக்ட் கருவியை 10 மைக்ரோ விநாடி வரம்போடு ஓட்டுங்கள். அது இன்டரப்ட்டை மூடிக்கொண்டு கடிகாரத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கும். இரண்டு வாசிப்புக்கு நடுவே ஓட்டை விழுந்தால் அந்த நேரத்தைத் திருடியது வன்பொருள்தான். இன்டெல் ப்ராசஸரில் டர்போஸ்டாட் காட்டும் எஸ்எம்ஐ எண்ணிக்கையும் கூடவே ஏறினால் சந்தேகமே வேண்டாம்.

பயாஸ் அமைப்பில் பழைய யூஎஸ்பி விசைப்பலகை ஆதரவையும் மின் மேலாண்மைத் தெரிவுகளையும் ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொன்றுக்குப் பின்னும் அளங்கள். வெப்பக் கட்டுப்பாட்டுக்காக வரும் எஸ்எம்ஐகளை வேறு வழிகளில் முடக்க முயல வேண்டாம். அவற்றை நிறுத்தினால் போர்டே கருகும் அபாயம் உண்டு.

மெய்நிகர் இயந்திரம் என்றால் டாப் கட்டளையின் "எஸ்டி" பத்தியைப் பாருங்கள். அங்கே சுழியம் அல்லாத எண் இருந்தால் நேரத்தை எடுத்துக்கொள்வது அடியில் இருக்கும் ஹைப்பர்வைசர். உள்ளே என்ன மாற்றினாலும் பலன் இராது.

அறிகுறி: தடங்கல் கடிகாரம் போல ஒரே இடைவெளியில் வருகிறது

ஒழுங்காக வரும் தடங்கலைப் பிடிப்பது எளிது. விநாடிக்கு ஒருமுறை 50 மில்லி விநாடி என்றால் ரியல்டைம் த்ராட்லிங். ஃபிஃபோ (தானே விடும்வரை ஓடும் ரியல்டைம் கொள்கை) த்ரெட்டுகள் ப்ராசஸரை விழுங்கிவிடாமலிருக்க, 10,00,000 மைக்ரோ விநாடியில் 9,50,000 மட்டுமே அவற்றுக்குத் தரப்படும். டிமெசேஜ் பதிவில் "ஆர்டி த்ராட்லிங் ஆக்டிவேட்டட்" என்ற வரி ஒரே ஒருமுறை வந்திருக்கும். 6.12 முதல் இந்த வேலையை ஃபேர் சர்வர் என்ற ஏற்பாடு பார்க்கிறது. பட்டினி கிடக்கும் சாதாரண வேலை இருந்தால் மட்டும் விநாடிக்கு 50 மில்லி விநாடி எடுத்துத் தரும். வரம்பை −1 ஆக்கி அணைப்பதற்கு முன் ஒன்று யோசியுங்கள்: சுற்றிச் சுற்றி ஓடும் ஃபிஃபோ த்ரெட் ஒன்று இருப்பதால்தானே இது தூண்டப்பட்டது? அந்தச் சுற்று வேண்டுமென்றே எழுதியதா, பிழையா? பிழை என்றால், த்ராட்லிங்கை அணைத்த மறுகணம் அந்த ப்ராசஸரில் எஸ்எஸ்எச்கூட உள்ளே விடாது.

100 மில்லி விநாடிக்கு ஒருமுறை என்றால் சிகுரூப் (நிரல் குழுவுக்கு ப்ராசஸர் பங்கை வரையறுக்கும் ஏற்பாடு) ஒதுக்கீடு. சிபியு.மேக்ஸ் கோப்பில் 20000 100000 (100 மில்லி விநாடியில் 20 மில்லி விநாடி) என்று இருக்கிறது, நிரலில் நான்கு த்ரெட் என்று வைத்துக்கொள்வோம். நால்வரும் ஒன்றாக ஓடினால் 5 மில்லி விநாடியில் பங்கு தீர்ந்துவிடும். மிச்சம் 95 மில்லி விநாடி கைகட்டி நிற்க வேண்டும். சிபியு.ஸ்டாட் கோப்பில் த்ராட்டில் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்தாலே தெரியும். கண்டெய்னருக்குள் ஓடும் சேவைகளில் "கெர்னல் தாமதம்" என்று வரும் புகார்களில் இது நிறையவே உண்டு. ப்ரீஎம்ப்ஷனுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

அறிகுறி: வட்டு, நெட்வொர்க் அல்லது கன்சோல் சுமை ஏறினால் மட்டும் உச்சம் எகிறுகிறது

கெர்னல் உண்மையிலேயே குற்றவாளியாக இருக்கும் இடம் இதுதான். இன்டரப்ட்டோ ப்ரீஎம்ப்ஷனோ நீண்ட நேரம் மூடியிருக்கிறது. எங்கே, யார் மூடினார் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

தாமதத்தை ஆராயும் ஆர்டிஎல்ஏ கருவி இருந்தால் (5.17 முதல் கெர்னல் மூலத்தோடு வருகிறது) "டைமர்லாட் டாப்" துணைக்கட்டளையை ஏ தெரிவோடு, 100 என்ற வரம்பு கொடுத்து ஓட்டுங்கள். 100 மைக்ரோ விநாடியைத் தாண்டிய கணமே நின்று, தாமதத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்துக் காட்டும். இன்டரப்ட் வரவே இவ்வளவு, குறுக்கே வந்த மற்ற இன்டரப்ட்டுகள் இவ்வளவு, சாஃப்ட்ஐஆர்க்யூ (இன்டரப்ட் தள்ளிவைத்த மிச்ச வேலை) இவ்வளவு, தடுத்து நின்ற த்ரெட் இது, அதன் ஸ்டேக் இது. இன்டரப்ட் பத்தியே பெரிதாக இருந்தால் இன்டரப்ட் மூடியிருந்தது அல்லது ப்ராசஸர் தூங்கியிருந்தது என்று பொருள். அது சிறியதாகவும் த்ரெட் பத்தி பெரியதாகவும் இருந்தால் ப்ரீஎம்ப்ஷன் பக்கம் போங்கள்.

அது இல்லாத பழைய கெர்னலில், கெர்னலின் நடமாட்டத்தைப் பதிவு செய்யும் எஃப்ட்ரேஸ்:

1. /சிஸ்/கெர்னல்/ட்ரேசிங் கோப்பகத்தில் "அவெய்லபிள் ட்ரேசர்ஸ்" கோப்பைப் பாருங்கள். ஐஆர்க்யூஸ்ஆஃப், ப்ரீஎம்ப்ட்ஆஃப் இரண்டும் அதில் இல்லையென்றால் அவற்றைச் சேர்த்துக் கெர்னலைக் கம்பைல் செய்ய வேண்டும்.
2. ஆப்ஷன்ஸ் கோப்பகத்தின் ஃபங்ஷன்-ட்ரேஸ் கோப்பில் 0 எழுதுங்கள். இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு ஃபங்ஷனையும் பதிவு செய்யும் சுமையே புதிய தாமதமாகிவிடும்.
3. "ட்ரேசிங் மேக்ஸ் லேட்டன்சி" கோப்பில் 0, "கரன்ட் ட்ரேசர்" கோப்பில் ஐஆர்க்யூஸ்ஆஃப். சுமையைத் தொடங்குங்கள்.
4. சில நிமிடம் கழித்து ட்ரேஸ் கோப்பைப் படியுங்கள். தலைப்பிலேயே மொத்த மைக்ரோ விநாடியும், எந்த ஃபங்ஷனில் மூடி எந்த ஃபங்ஷனில் திறந்தது என்பதும் இருக்கும். பிறகு ப்ரீஎம்ப்ட்ஆஃப் போட்டு இதையே திரும்பச் செய்யுங்கள்.

ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் நெருக்கமாக நிற்கும் நான்கைந்து குறிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். "டி" என்றால் இன்டரப்ட் மூடியிருக்கிறது. பெரிய "என்" என்றால் வேறொருவர் ஏறக் காத்திருக்கிறார். எண் ப்ரீஎம்ப்ஷன் பூட்டின் ஆழம். "என்" தோன்றிய வரியிலிருந்து ஷெட்யூலர் அழைக்கப்பட்ட வரி வரை எவ்வளவு நேரமோ, அவ்வளவுதான் ப்ரீஎம்ப்ஷன் மாதிரியால் மீட்கக்கூடிய தாமதம்.

தடம் சீரியல் கன்சோலைச் சுட்டினால் வியப்படைய வேண்டாம். 115200 பாட் வேகத்தில் ஓர் எழுத்து போக ஏறத்தாழ 87 மைக்ரோ விநாடி. 80 எழுத்து வரி ஒன்றுக்கு 7 மில்லி விநாடி. வழக்கமான சீரியல் கன்சோல் டிரைவர் அதை இன்டரப்ட்டை மூடிக்கொண்டே எழுதும். டிமெசேஜ் கட்டளையை என் தெரிவோடு 1 என்று கொடுத்து கன்சோலை வாயடைத்துவிடுங்கள். பதிவுகள் உள்ளே சேரத்தான் செய்யும். சில வரிச் செய்திகள் மொத்த ரியல்டைம் ஏற்பாட்டையும் கவிழ்த்துவிடுவது இப்படித்தான்.

தடம் நெட்வொர்க் அல்லது வட்டு இன்டரப்ட் வேலையைச் சுட்டினால், ஆர்டி அல்லாத கெர்னலிலும் பூட் வரியில் "த்ரெட்ஐஆர்க்யூஸ்" சேர்த்து அவற்றைத் த்ரெட்டாக்கலாம். நன் அல்லது வாலன்டரி மாதிரியில் நீண்ட கெர்னல் சுற்று ஒன்று தெரிந்தால் ஃபுல்லுக்கு மாறுங்கள். அதே சுற்று ஸ்பின்லாக்குக்குள் நடந்தால் ஃபுல் உதவாது, ஆர்டிதான் வழி.

அறிகுறி: உயர்ந்த த்ரெட் நிற்கிறது, தாழ்ந்த த்ரெட் ஜாலியாக ஓடுகிறது

முன்னுரிமைத் தலைகீழ். தாழ்ந்தவர் பூட்டைப் பிடித்திருக்கிறார், உயர்ந்தவர் அதற்காகக் காத்திருக்கிறார், நடுவில் பூட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் வந்து தாழ்ந்தவரை இறக்கிவிடுகிறார். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது இதனால்தான். அதில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ். பூமியிலிருந்து ஒரு அமைப்பை மாற்றி முன்னுரிமை மரபுரிமையை (பூட்டைப் பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தருவது) இயக்கியதும் நின்றது.

லினக்ஸில் பித்ரெட் மியூடெக்ஸுக்கு (நிரல்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பூட்டு) மரபுரிமை தானாக வராது. உருவாக்கும்போதே பண்புகளில் "ப்ரயோ இன்ஹெரிட்" நெறிமுறையைக் கொடுக்க வேண்டும். ஆர்டி கெர்னல் போட்டுவிட்டால் இதுவும் சரியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. கெர்னலின் உள்பூட்டுகளுக்குத்தான் அது தானாக நடக்கும். செமஃபோருக்கு (எண்ணிக்கையை வைத்து அனுமதி தரும் பூட்டு வகை) உரிமையாளர் என்று யாரும் இல்லாததால் மரபுரிமை சாத்தியமே இல்லை, ஆகவே பூட்டாகச் செமஃபோரைப் பயன்படுத்தாதீர்கள். மறைந்திருக்கும் பூட்டுகள்தான் தொல்லை: ஜிலிப்சியின் (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) மேலாக், பிரின்ட்எஃப் இரண்டுக்குள்ளும் மரபுரிமை இல்லாத பூட்டுகள் உண்டு. ரியல்டைம் சுற்றுக்குள் இரண்டையும் அழைக்கக்கூடாது. பதிவு எழுத வேண்டுமென்றால் பூட்டில்லா வளைய பஃபரில் போட்டுவிட்டு, சாதாரண த்ரெட் ஒன்று அதை எடுத்து எழுதட்டும்.

அறிகுறி: முன்னுரிமை 99 கொடுத்ததும் நெட்வொர்க் செத்தது, ஆர்சியு ஸ்டால் செய்தி வருகிறது

99 என்ற எண்ணின் மேல் எல்லோருக்கும் ஒரு மோகம். த்ரெட்டாக்கப்பட்ட இன்டரப்ட்டுகள் ஃபிஃபோ 50இல் ஓடும். அதற்கு மேலே நீங்கள் ஓயாமல் சுற்றினால், உங்களுக்கே தரவு கொண்டுவர வேண்டிய இன்டரப்ட் த்ரெட் கீழே பட்டினி கிடக்கும். தரவு வரும் பாதையில் யார் முன்னால் ஓட வேண்டுமோ அவருக்கே உயர்ந்த எண்: உதாரணமாக நெட்வொர்க் அட்டையின் இன்டரப்ட் த்ரெட் 80, அதைப் படிக்கும் நிரல் 70, மற்றவை 50இலேயே. வேலை முடிந்ததும் நிரல் உறங்க வேண்டும்.

செய்தியைப் பிரித்துப் படியுங்கள். ஆர்சியு என்ற கெர்னலின் உள் ஏற்பாடு முன்னேறாமல் நிற்பதைச் சொல்லும் ஸ்டால் செய்தி (இயல்பாக 21 விநாடி) ரியல்டைம் த்ரெட்டின் ஆக்கிரமிப்பாலும் வரும். "சாஃப்ட் லாக்கப்" என்றால் கெர்னல் குறிமுறையே 20 விநாடிக்கு மேல் ப்ராசஸரை விடவில்லை. நன் மாதிரியில், நிறுத்தம் வைக்காத டிரைவர் சுற்று முதல் சந்தேகம். "120 விநாடிக்கு மேல் தடைப்பட்டது" என்ற செய்தியில் ப்ராசஸர் தகராறே இல்லை, யாரோ வட்டுக்கோ பூட்டுக்கோ காத்திருக்கிறார்.

அறிகுறி: ஆர்டி கெர்னலில் பூட் ஆனதும் "ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்"

பெரும்பாலும் வெளியிலிருந்து சேர்த்த டிரைவர். ஆர்டியில் சாதாரண ஸ்பின்லாக் உறங்கும். அதை ரா ஸ்பின்லாக்குக்குள்ளோ (ஆர்டியிலும் உறங்காத வகை) ப்ரீஎம்ப்ஷனை மூடிய பகுதியிலோ பிடித்தால் இந்தச் செய்தி வரும். கெர்னலுக்குள் நினைவகம் கேட்கும் கேமேலாக் அழைப்பும் அப்படியே, அட்டாமிக் கொடி கொடுத்தாலும் தப்பாது. ஸ்டேக் தடத்தில் யார் ப்ரீஎம்ப்ஷனை மூடினார் என்று பார்த்து, ஒரு ப்ராசஸரின் சொந்தத் தரவைக் காக்கத்தான் மூடியிருந்தால் 5.8இல் வந்த லோக்கல் லாக்குக்கு மாற்றுங்கள். ஒதுக்கீட்டைப் பூட்டுக்கு வெளியே நகர்த்துங்கள். எல்லாவற்றையும் ரா ஸ்பின்லாக் ஆக்கிவிடுவது செய்தியை நிறுத்தும்; தாமதம் பழையபடி திரும்பிவிடும்.

அறிகுறி: ப்ராசஸரைத் தனிமைப்படுத்தியும் சிறு குறுக்கீடுகள்

ஐசோல்சிபியுஸ், நோஹெர்ட்ஸ் ஃபுல், ஆர்சியு நோசிபிஎஸ், ஐஆர்க்யூ அஃபினிட்டி நான்கும் (மற்ற வேலைகள், டிக், ஆர்சியு வேலை, இன்டரப்ட் ஆகியவற்றை விலக்கும் தெரிவுகள்) பூட் வரியில் இருக்கின்றனவா? இருந்தும் வந்தால், /ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பை 10 விநாடி இடைவெளியில் இருமுறை எடுத்து அந்த ப்ராசஸரின் பத்தியை ஒப்பிடுங்கள். "எல்ஓசி" (டைமர் இன்டரப்ட்) ஏறினால் டிக் நிற்கவில்லை. அங்கே ஓடத் தயாராக இரண்டாவது வேலை ஒன்று இருக்கிறதா பாருங்கள், ஒரே வேலை இருந்தால்தான் டிக் நிற்கும். "டிஎல்பி" (நினைவக முகவரிக் குறிப்புகளை அழிக்கச் சொல்லும் இன்டரப்ட்) ஏறினால் உங்கள் நிரலின் இன்னொரு த்ரெட், வேறு ப்ராசஸரில் இருந்துகொண்டே, நினைவகத்தை விடுவித்துக்கொண்டிருக்கிறது. முகவரி வெளி பொது என்பதால் தனிமை இங்கே காப்பாற்றாது. நினைவகத்தைத் தொடக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொண்டு திருப்பித் தராதீர்கள். சாதன இன்டரப்ட் ஏறினால் ஐஆர்க்யூபேலன்ஸ் சேவை மறுபடி பங்கிட்டிருக்கும், அதை நிறுத்துங்கள்.

எண்ணிக்கை எதுவும் ஏறாமலே வேகம் மட்டும் ஏறி இறங்கினால், அதே கோரின் இரட்டை ஹைப்பர்த்ரெட்டில் யாரோ ஓடுகிறார். அந்த இரட்டையை அணைத்துவிடுங்கள். நேரம் படிக்கும் அழைப்பே மெதுவாகத் தோன்றினால் கடிகார மூலம் டிஎஸ்சியிலிருந்து (ப்ராசஸருக்குள் உள்ள வேகமான எண்ணி) ஹெச்பெட்டுக்கு (வெளியே உள்ள மெதுவான டைமர்) மாறியிருக்கும். டிமெசேஜில் "டிஎஸ்சி அன்ஸ்டேபிள்" என்று தேடுங்கள்.